தாய்மாமன் தொட்டில்

தரைக்கு அடிக்கிற பெயின்ட்டை எடுத்துத் தொட்டிலுக்கு அடித்தவன் எவன் என்று ஹம்ரோவிடம் கேட்டேன். "எங்கப்பாதான்க்கா" என்றான். செத்துப்போன மனுஷரை எப்படித் திட்டுவது? எங்கள் புகாராவில் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். வருஷா வருஷம் மரத்தரைக்குச் செங்காவி பெயின்ட் அடிப்பார்கள். டப்பாவில் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்க மனசு வராது. முக்காலிக்கு ஒரு பூச்சு, சாப்பாட்டுப் பலகைக்கு ஒரு பூச்சு, பரணில் சும்மா கிடக்கிற தொட்டிலுக்கும் ஒரு பூச்சு. ஹம்ரோ என் முற்றத்தில் கொண்டுவந்து இறக்கியபோது, அது மரத்தில் செய்ததா இரும்பில் செய்ததா என்றே சொல்ல முடியவில்லை.

பழைய மரச்சாமானின் பூச்சை உரித்து, மழமழப்பாகத் தேய்த்து, எண்ணெய் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். என் வீட்டுக்காரர் நார்முராத் புதுசு செய்து கடைத்தெருவில் விற்பார். அவர் வேலையை நான் பாராட்டியதில்லை, என் வேலையை அவர் பாராட்டியதில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் ஒரே கூரைக்கடியில் இருக்கிறோம். நான் முன்கோபக்காரி, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இந்தத் தொட்டில் விஷயத்தில் நான் நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறையப் பேர். சிலபேரிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஹம்ரோ எங்கள் தெருக்காரன், கிஜ்துவானுக்குப் பஸ் ஓட்டுகிறவன். அப்பாவும் அம்மாவும் போனபின் தங்கச்சி ஓய்தினை அவன்தான் வளர்த்தான். தலை பின்னிவிட்டதுகூட அவன்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அவளை மட்டும் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்தான். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா, ஆம்பளை வளர்த்த பெண்ணாயிற்றே, மாவு பிசையத் தெரியுமா இல்லை டயர் மாற்றத்தான் தெரியுமா என்று நாலு பேர் சிரிக்கக் கேட்டுவிட்டார். ஹம்ரோ புலாவ் தட்டை அவர் மடியில் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விட்டான். எங்கள் ஊரில் புலாவைக் கவிழ்ப்பது சின்ன விஷயமில்லை. அன்றைக்கு அடைத்த கதவு ஒன்பது வருஷமாகத் திறக்கவில்லை. ஓய்தின் எப்போதாவது பஸ் நிலையத்துக்கு வந்து அண்ணனிடம் ஜன்னல் வழியாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். நடுவில் மாமனார் காலமாகிவிட்டார். மாமியார் சவ்ரி இருந்தாள், அவள் எதையும் மறக்கிற ரகமில்லை.

இந்த ஒன்பது வருஷமும் ஓய்தினுக்குக் குழந்தையில்லை. இப்போதுதான் ஒரு பையன் பிறந்திருக்கிறான். தொட்டில் கொண்டுபோவது தாய்வீட்டு முறை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறோம் என்று சவ்ரி ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். தாய்வீட்டுத் தொட்டில் வந்தால் பார்ப்போம், பிள்ளையைப் போடுகிற லட்சணத்தில் இருந்தால் போடுவோம், இல்லாவிட்டால் எங்கள் வீட்டுத் தொட்டில் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தாள். மாமன் வரலாம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. எங்களிடத்தில் தொட்டிலைத் திருப்பி அனுப்பினால் தாய்வீட்டையே திருப்பி அனுப்பிய மாதிரி. அப்புறம் ஹம்ரோ அந்தப் பிள்ளையைப் பார்க்கவேண்டுமானால், அது வளர்ந்து ஆளாகித் தானாகப் பஸ் ஏற வரவேண்டியதுதான்.

"புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போயேன்டா" என்றேன். "எங்க வீட்டுக்காரர் கடையிலயே பளபளன்னு அடுக்கி வச்சிருக்கார்."

"வேணாம்க்கா. இத்தனை வருஷம் கழிச்சுப் பொறந்திருக்கு. புள்ளைங்க படுத்து வளர்ந்த தொட்டில்ல போட்டாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும். நானும் அவளும் இதுல கிடந்து எந்திரிச்சவங்க. ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கோம்?"

நீ நல்லா இருக்கிற லட்சணம்தான் தெரிகிறதே என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது. சுரண்டினால் ஆடாமல் இருக்குமா? அதனால் தொட்டில் வேலை வந்தால் ஒரு முலாம்பழத்தைத் துணியில் சுற்றி உள்ளே கிடத்திவிட்டுத்தான் கை வைப்பேன். தெருப் பெண்கள் எட்டிப் பார்த்து, பிள்ளை பால் குடித்ததா, ராத்திரி தூங்கவிட்டதா என்று கேலி பண்ணுவார்கள். குடித்தது, அப்பனை மாதிரியே மொட்டைத்தலை என்று நானும் பதில் சொல்வேன். சலவைச் சோடாவை வெந்நீரில் குழைத்து அப்பி, பெயின்ட் ஊறிப் பொங்கியதும், ஈரத்தோடேயே கண்ணாடித் துண்டால் சுரண்டினேன். அந்தச் செங்காவியில் ஈயம் உண்டு. உலர்ந்தபடி தேய்த்தால் தூசி மூச்சில் ஏறிவிடும். சுரண்டியதை எல்லாம் வாய்க்காலில் விடாமல் காகிதத்தில் பொட்டலம் கட்டிவைத்தேன். பூச்சுக்குள் பூச்சு, அதற்குள் இன்னொரு பூச்சு என்று போய்க்கொண்டே இருந்தது. ஹம்ரோவின் அப்பாவை மனசுக்குள் திட்டத்தான் திட்டினேன். செத்தவர்களுக்குக் காது கேட்காது என்ற தைரியம்தான்.

கடைசிப் பூச்சும் போனபின் மல்பெரி மரம் வெளியே வந்தது. நல்ல தேன் நிறம். அப்படி மரத்தைப் பார்க்கும்போது இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு ஆண்டவனுக்கு நன்றி சொல்லத் தோன்றும், அன்றைக்கும் தோன்றியது. சோடாவின் காரம் மரத்தில் தங்கினால் கறுத்துவிடும் என்று திராட்சைக் காடி கலந்த தண்ணீரால் துடைத்து நிழலில் காயவைத்தேன். ஈரம் பட்டதும் மரம் மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதை உப்புத்தாளால் அடக்கினேன். மறுபடி ஈரத்துணி, மறுபடி உப்புத்தாள். கன்னத்தை வைத்துத் தேய்த்தாலும் கீறாது என்கிற பக்குவம் வரும்வரை விடவில்லை. ஹம்ரோ பஸ்ஸை விட்டுவிட்டுத் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொள்வான். மேல்கட்டையில் இரண்டு பல் தடம் இருந்தது. அது ஓய்தின் கடித்தது என்று கண் கலங்கினான். பூனை கடித்ததாகக்கூட இருக்கலாம் என்றேன். தொட்டில் எடுத்துப் போவது பெண்கள் வேலையாயிற்றே, தனக்கு அப்படி யாரும் இல்லையே என்று ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தான். நாங்கள் எல்லாம் ஆம்பளையா என்று கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தொட்டிலுக்கு நான் வார்னிஷ் போடுவதில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகிற மேல்கட்டை இருக்கிறதே, பல் முளைக்கிற வயசில் பிள்ளை கடிப்பது அதைத்தான். ஆகையால் சாப்பிடுகிற ஆளி விதை எண்ணெய்தான் பூசுவேன். நாங்கள் புலாவ் செய்கிற அதே எண்ணெய். வெதுவெதுப்பாக்கி, துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, மிஞ்சியதைத் துடைத்து வெயிலில் வைத்தால், எங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டே நாளில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தட்டினால் கண்ணாடி மாதிரிச் சத்தம் வரும். என் ஜாடியில் எண்ணெய் தீர்ந்திருந்தது. அடுப்படியில் ஆளி எண்ணெய்ப் பானை நிரம்ப இருந்தது. அதிலிருந்து மொண்டு பூசினேன். நிறம் வந்தது பாருங்கள், நானே அசந்துபோனேன். நார்முராத் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் வாயிலிருந்து கிடைக்கிற பெரிய பாராட்டு அதுதான்.

சனிக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தேன். விரல் ஒட்டியது. எல்லா இடத்திலும் பிசுபிசு என்று ஒட்டியது. ஒரு ஈ வந்து உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் தவித்தது.

மருமகள் மொஹிராவைக் கூப்பிட்டுப் பானையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஆளி எண்ணெய் பாதிதான் இருந்தது, அதனால் பருத்திக்கொட்டை எண்ணெயை ஊற்றி நிரப்பினேன் என்றாள். ஆளி எண்ணெய் இப்படிக் கரைகிறதே என்று நீங்கள்தானே திட்டுவீர்கள், புலாவுக்குப் பாதிக்குப் பாதி கலந்தால் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். சொன்னது நான்தான். புலாவுக்கு யார் வேண்டாமென்றது? ஆனால் பருத்திக்கொட்டை எண்ணெய் வருஷம் போனாலும் காயாது. மரத்தின் மேல் அது பாட்டுக்குப் பிசின் மாதிரி உட்கார்ந்திருக்கும். அவளை நான் கத்திய கத்தலில் நாலு வீடு தள்ளி இருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஹம்ரோ வந்தான். கையில் நாளைக்குப் போட இஸ்திரி போட்ட சட்டை. தொட்டிலைத் தொட்டான். விரலைப் பார்த்தான். அவன் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவன் கத்தவில்லை.

"சரி விடுங்கக்கா" என்றான். "இத்தனை வருஷம் பாக்காம இருந்தாச்சு. இனியும் இருந்துக்குவேன்."

சொல்லிவிட்டுச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டான். டர்பன்டைனால் துடைத்தால் பிசுக்குப் போகும், ஆனால் நாற்றம் போகாது. அந்த நாற்றத்தில் பச்சைப்பிள்ளையைப் படுக்க வைக்க முடியுமா? வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அப்போது மொஹிரா, அவ்வளவு திட்டு வாங்கியவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அத்தை, எங்க வீட்ல கம்பளத்துல எண்ணெய் கொட்டினா தவிட்டைச் சூடு பண்ணித் தேய்ப்போம். எண்ணெய உறிஞ்சிக்கும். மரத்துக்கும் செஞ்சு பாப்போமா?"

கம்பளமும் மரமும் ஒன்றா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வேறு போக்கு ஏது? கோதுமைத் தவிட்டை வாணலியில் போட்டு, கை பொறுக்கிற சூட்டில் எடுத்துத் துணிமூட்டை கட்டி ஒரு காலில் தேய்த்தோம். தவிடு எண்ணெயைக் குடித்துக் கறுத்தது. அந்த இடத்தைத் தொட்டேன். ஒட்டவில்லை.

என் கத்தலைக் கேட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். ஓடினவர்கள் வாணலியும் தவிடுமாகத் திரும்பி வந்தார்கள். அவர்களில் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவள் ஒருத்தி. அவளும் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், தொட்டிலின் அடிக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து தேய்த்தாள். உச்சி வெயிலில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை அத்தனை பேர் கையும் அந்த மரத்தின் மேல் இருந்தது. தேய்த்துத் தேய்த்து, என் உப்புத்தாளால் வராத ஒரு பளபளப்பு வந்துவிட்டது. ஹம்ரோ எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தான். ஆனால் அவன் போட்ட டீ வாயில் வைக்க முடியவில்லை. மொஹிராவின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. ராத்திரி அதற்கு நான் மருந்து தடவிவிட்டேன், வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நீ மட்டும் இல்லாவிட்டால் நான் தலைகுனிந்து நின்றிருப்பேன், மொஹிரா. எத்தனை வீடு தேடினாலும் உன்னைப் போல ஒருத்தி எனக்கு மருமகளாகக் கிடைக்கமாட்டாள்.

ஒரே ஒரு இடம் மட்டும் அடங்கவில்லை. மேல்கட்டைதான். எல்லாவற்றையும்விட அதைத்தான் அதிகம் சுரண்டியிருந்தேன், அதனால் அது அதிகமாக எண்ணெய் குடித்திருந்தது. எத்தனை தவிடு போட்டாலும் உள்ளேயிருந்து மறுபடி கசிந்தது. ஒரு பட்டுத்துணியை அதன்மேல் சுற்றி முடிச்சுப் போட்டேன். பார்ப்பவர்களுக்கு அலங்காரம் மாதிரித் தெரியும். எடுக்கச் சொல்லிவிடக் கூடாதே என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹம்ரோவின் பஸ்ஸிலேயே போனோம். ரொட்டியும் இனிப்பும் பொம்மையும் மடியில், தொட்டில் நடுவில், தெருப் பெண்கள் எல்லோரும் சுற்றிலும். அவன் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டிருந்தான். சவ்ரி வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டுவிட்டு எதிர்ச் சுவர் ஓரமாகப் பஸ்ஸை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சவ்ரி மாவுத் தட்டோடு நின்றிருந்தாள். தொட்டில் கொண்டுவருகிறவர்கள் நெற்றியில் மாவு தொட்டு வைப்பது எங்கள் வழக்கம், வெள்ளை பட்டால் வழி வெளிச்சமாக இருக்கும் என்று. ஒவ்வொருத்திக்கும் வைத்தாள். எனக்கும் வைத்தாள். சிரிக்கவில்லை. முற்றம் நிறையப் பெண்கள். மூலையில் அவர்கள் வீட்டுத் தொட்டில் தயாராக, போர்வை போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அறை வாசலில் ஓய்தின் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் எங்களைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று.

தொட்டிலை நடுவில் வைத்தோம். சவ்ரி சுற்றி வந்தாள். காலைத் தடவினாள், பக்கச் சட்டங்களைத் தடவினாள். நல்ல வேலை என்கிற மாதிரித் தலை அசைந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அந்தத் துணிய எடுங்க" என்றாள். "மரத்தப் பாக்கணும்."

நான் கையைத் தூக்கவில்லை. அவளே முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்துவிட்டு மேல்கட்டையை அழுத்திப் பிடித்தாள், தொட்டில் கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி. கையை எடுத்தபோது 'பிச்' என்று ஒரு சத்தம் வந்தது. கட்டைமேல் அவள் உள்ளங்கை ஐந்து விரலோடும் வெள்ளையாகப் பதிந்திருந்தது. தலைத்துணி முனையால் துடைத்தாள். போகவில்லை. ஒருத்தி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஓய்தின் கண்ணை மூடிக்கொண்டாள்.

சவ்ரி குனிந்தாள். கட்டையை முகர்ந்து பார்த்தாள். என் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில், "என்ன எண்ணெய்?" என்றாள்.

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "ஆளி எண்ணெய்தான்க்கா. பருத்திக்கொட்டை கலந்துபோச்சு."

"வீட்டுப் பானையிலேருந்தா?"

"ஆமா."

அவள் என்னையே பார்த்தாள். உதட்டோரம் லேசாக இழுத்தது. "எங்க வீட்லயும் கலக்கறதுதான்" என்றாள்.

நிமிர்ந்தாள். மாவுத் தட்டை நீட்டச் சொல்லி இரண்டு உள்ளங்கையிலும் மாவை அப்பிக்கொண்டாள். முதல் தடத்துக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே இன்னொரு தடம் அழுத்தி வைத்தாள். முற்றம் முழுக்கக் கேட்கும்படி, "வெள்ளக் கை பதியிற தொட்டில் எத்தனை வீட்டுக்கு வரும்? எல்லாரும் வந்து ஒரு கை வச்சுட்டுப் போங்க. எம் பேரன் வழி வெளிச்சமா இருக்கட்டும்" என்றாள்.

இப்படி ஒரு முறை எங்கள் ஊரிலேயே கிடையாது. ஆனால் சவ்ரி சொன்னால் முறைதான். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து மாவில் கை முக்கி வைத்தார்கள். அவர்கள் பக்கத்துப் பெண்கள், எங்கள் தெருப் பெண்கள், கொப்பளித்த கையோடு மொஹிரா. நான் என் கையை வைத்தபோது கண்ணீரில் கட்டையே தெரியவில்லை. அந்தப் பெண்மணிக்கு நான் ஒன்றும் செய்தவளில்லை, என்னை அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. என்னை ஊர் முன்னால் நாறடித்திருக்கலாம். ஹம்ரோவைக் காலத்துக்கும் வெளியே நிறுத்தியிருக்கலாம். அதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும், அது அவள் வாய் வரைக்கும் வந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. உயிருள்ளவரை நான் அதை மறக்கமாட்டேன்.

கட்டை கிட்டத்தட்ட நிரம்பியபோது, அடுத்து வந்தவளைச் சவ்ரி தடுத்தாள். நடுவில் ஒரு கை அகலத்துக்கு இடம் மீதி இருந்தது. அந்த இடத்தைத் தன் கையால் மறைத்துக்கொண்டாள்.

"இது மாமனுக்கு" என்றாள். "வெளிய பஸ்ல உக்காந்திருக்கார் பாரு, கூப்பிடு."

பெண்கள் கூடுகிற இடத்துக்கு ஆண் வருவதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். சவ்ரி திரும்பிப் பார்த்ததும் அடங்கிப்போனார்கள். கூப்பிட ஓடியது ஓய்தின். பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

ஹம்ரோ வந்தான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வந்தான். சவ்ரி தட்டை நீட்டினாள், அவன் அந்தப் பெரிய கையை மாவில் முக்கினான். இடம் சின்னது, கை பெரியது. பக்கத்துத் தடங்கள்மேல் பட்டுவிடக் கூடாதே என்று விரல்களை ஒடுக்கிக்கொண்டு, மெதுவாக வைத்து மெதுவாக எடுத்தான். ஓய்தின் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாங்கிக்கோண்ணே" என்று பிள்ளையை நீட்டினாள்.

"கையெல்லாம் மாவுடி."

"இருந்தா இருக்கட்டும். வாங்கு."

வாங்கினான். பிள்ளையின் துணியில் வெள்ளையாகப் பட்டது. பிள்ளை அழவில்லை, ஒரு கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். நான் தொட்டில் பக்கம் குனிந்து ஆணி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன். ஹம்ரோ பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போவது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடு முற்றத்தில் அப்படியே நின்றான். பந்தி விரித்திருந்தது. எங்கள் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அப்போதும் அவன் நின்றுகொண்டேதான் இருந்தான்.

"உக்காருங்க தம்பி" என்றாள் சவ்ரி. "இன்னிக்கு யாரும் உங்கள எழுந்து போகவிட மாட்டோம்."